நின்றால் மணி அடிக்கும்

குளிர் வந்துவிட்டால் ஊரே போர்வைக்குள் சுருண்டுகொள்ளும். குல்லாக்காரர் மட்டும் ஷூவைத் தேடுவார். வெயில் காலம் முழுக்க அது கட்டிலுக்கு அடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒருநாள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் ஈரக்கோடு விழும். அவ்வளவுதான், மனிதர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பிள்ளைக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருக்காது.

குல்லாக்காரர் என்பது குடியிருப்பில் வாட்ச்மேன் வைத்த பெயர். காதையும் கழுத்தையும் மூடும் சாம்பல் நிறக் கம்பளிக் குல்லா, கையுறை, முழங்கால் பக்கம் தொளதொளத்துப்போன பேண்ட். அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் விடிவதற்கு முன்னால் இந்தக் கோலத்தில் பூனை நடை நடந்து படியிறங்கினால், ஓடப்போகிறாரா, எவன் வீட்டிலாவது கன்னம் வைக்கப்போகிறாரா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். முதல் நாள் வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தார்.

கேட்டைத் தாண்டினால் ஷட்டர் இறக்கிய கடைகள். பிறகு ரயில் பாதைக்கு அடியில் போகும் குகை வழி. அதுவரைக்கும் ஓட்டம் என்பது தண்டனைதான். மூக்கு ஒழுகும், குளிர்காற்று பல்லில் பட்டுச் சுரீர் என்று இழுக்கும், முழங்கால் இரண்டும் நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்கும். குகை வழியைத் தாண்டிக் கால்வாய்க் கரையில் ஏறியதும் எல்லாம் மாறிவிடும். உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருக்கும். வாயிலிருந்து வரும் புகை அவருக்கு முன்னால் போகும். கரையோர மரங்கள் பனிமூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போகும். கால் தரையில் படும் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தம் கிடையாது. இரும்பு நடைப்பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போய், பந்து விளையாடும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றித் திரும்புவார். அந்த நேரத்தில் அவருக்குக் கவலை என்று ஒன்றும் இல்லை. மனிதர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

ஏன் குளிரில் மட்டும் என்று கேட்டால் வியர்க்காது, வெயில் அடிக்காது என்று சொல்வார். அது பாதி நிஜம். மீதியை நான் சொல்கிறேன். வெயில் காலத்தில் அதே கரையில் திருவிழாக் கூட்டம். கணவன் மனைவியாக வருவார்கள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், நாலு சிநேகிதர்கள் பாதையை அடைத்துக்கொண்டு அரட்டையடித்தபடி நடப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒருவர் தனியாகப் போனால் பாவம், தனியாள் என்பது அப்பட்டமாகத் தெரியும். குளிரில் அந்தத் தொல்லை இல்லை. குளிரில் வருகிறவர் எல்லோருமே தனியாகத்தான் வருகிறார்கள். குல்லாவுக்குள் இருப்பவனுக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அவருக்கு வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் ஊரில், கணவனோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை.

அவருடைய வேலை பல் செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. டாக்டர் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் மோட்டாரில் வைத்து இழைப்பார். முகத்தில் மாஸ்க், கண்ணில் கண்ணாடி, தலை முழுக்க வெள்ளைத் தூள். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி. முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது. கடைத்தெருவில் எதிரே யாராவது பளிச்சென்று சிரித்தால், பல்லை வைத்து இவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆள் சிரிப்பது தனக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்து என்பது அப்புறம்தான் தெரியும்.

பேச்சு அவருக்கு எப்போதுமே வந்ததில்லை. மனைவி இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த அம்மாள் பேசிவிடுவாள். மகள் போன் செய்தால் இவர் எடுத்து, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். மகள் கல்லூரி விடுதிக்குப் போன நாளிலிருந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது வரைக்கும் அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்செல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான். மகளும் கெட்டிக்காரி, அவர் எடுத்த உடனே, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டு அவருடைய வேலையை இன்னும் சுலபமாக்கிவிடுவாள். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பார். மகளுடைய சமாச்சாரம் எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதுதான் மகளுக்குத் தெரியாது.

மனைவி போனபின் போனைக் கொடுக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். "சாப்டீங்களா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." "மாப்பிள்ளை?" "அவரும் சாப்டாரு." அதோடு வீட்டில் இருந்த எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது. அதற்குமேல் யாரைக் கேட்பது? இரண்டு முனையிலும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்கும். "சரிப்பா, வெச்சிடட்டுமா?" என்பாள். "சரிம்மா" என்பார். வைத்தபிறகு, கேட்டிருக்க வேண்டிய கேள்வியெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

போன குளிர்காலத்தில் கால்வாய்க் கரையில் ஈரச் சருகு வழுக்கி விழுந்தார். கணுக்கால் புரண்டுவிட்டது. பனிமூட்டத்தில் நாலடி தள்ளிப் போகிறவனுக்குக்கூட அவர் கிடப்பது தெரியவில்லை. பேப்பர் போடுகிறவர் சைக்கிளில் வந்து கிட்டத்தட்ட அவர் மேலேயே ஏற்றிவிட்டுத்தான் பார்த்தார். சமாச்சாரம் தெரிந்ததும் மகள் அடித்துப் பிடித்து ரயிலேறி வந்தாள். தினம் உடைந்த இடுப்பையும் தொடையையும் படம் பிடிக்கிறவள் அவள். இந்த வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடவே கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று குல்லாக்காரர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. அவருடைய போனை வாங்கி எதையோ அழுத்தினாள்.

"ஓடப் போறப்ப இதை ஆன் பண்ணுங்க. என் போன்ல மேப்ல நீங்க ஒரு நீலப் புள்ளியா தெரிவீங்க. எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். வீட்டுக்கு வந்ததும் ஆஃப் பண்ணிடுங்க."

"தினமுமா?"

"தினமும்தான்."

அந்த வார்த்தையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கணுக்கால் ஆறி, இந்த வருஷம் குளிர் வந்ததும், நீலப் புள்ளியாக ஓட ஆரம்பித்தார். மகள் படுக்கையை விட்டு எழுந்து, கையில் டீயோடு உட்கார்ந்து, புள்ளி கடைகளைத் தாண்டுவதையும், குகை வழியில் புகுவதையும், கரையில் ஏறுவதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்கு எண்ணம். அதனால் நிமிர்ந்து ஓடினார். மைதானத்தின் மூலையை வெட்டாமல் முழுசாகச் சுற்றினார். ஓரமாக நின்று மூக்கைச் சிந்தும் பழக்கத்தைக்கூட விட்டுவிட்டார். புள்ளிக்கு மூக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் மகள் பார்க்கிறாளே.

ஒருநாள் நடைப்பாலத்தில் ஷூ கயிறு அவிழ்ந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல் விறைத்து, முடிச்சு போட வரவில்லை. குனிந்து மல்லாடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, என்னாச்சு? ஏன் நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சு."

"அவ்வளவுதானா?" அவளுக்கு மூச்சு திரும்பி வருவது கேட்டது. "ரெட்டை முடிச்சு போடுங்கப்பா. சின்ன வயசுல நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

"நானா?"

"நீங்கதான். முடிச்சோட ரெண்டு காதையும் மறுபடி முடிச்சு போடணும்னு."

கயிற்றைப் பற்றி அப்பாவும் மகளும் எவ்வளவு நேரம் பேசினார்கள் தெரியுமா? எந்தக் கயிறு வழுக்கும், எது வழுக்காது, பள்ளிக்கூட ஷூவில் அவள் கயிற்றைக் கடித்துக் கடித்து நுனி பிய்ந்துபோனது, எல்லாம் வந்தது. மனைவி இல்லாமல் அவர் மகளோடு பேசிய முதல் பேச்சு அதுதான். அன்றைக்குப் பல் நடும்போது, ரிசப்ஷனில் உட்காரும் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன சார், பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அங்கேதான் வந்தது வினை. இரண்டு நாள் கழித்து அதே பாலத்தில், அவிழாத கயிற்றோடு, குல்லாக்காரர் நின்றார். போன் அடித்தது. பாலத்தின் கைப்பிடியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது, வழி விடமாட்டேன் என்கிறது என்றார். பூனை நிஜம், வழி விடாதது பொய். அப்புறம் ஒருநாள் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்தேன் என்றார். ஒருநாள் சரக்கு ரயில் போயிற்று, பார்த்துக்கொண்டு நின்றேன் என்றார். பல் செட்டில் நூல் பிசகினால் உறங்காத மனிதர், பொய்யை மட்டும் அரைகுறையாகவே செய்தார். ஆனால் நின்றால் மகள் கூப்பிடுகிறாள். எதிலாவது ஆரம்பித்து நாலு வார்த்தை பேசிவிட முடிகிறது. மகளுக்குச் சமைக்க நேரமில்லை, புது மேலதிகாரி சிடுமூஞ்சி, தோள்பட்டை வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஓடும் சந்தோஷம் போய், நிற்கும் சந்தோஷத்துக்காக அவர் ஓட ஆரம்பித்தார்.

ஒரு நாள் நின்றார், போன் அடிக்கவில்லை.

தூங்கிவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாளும் நின்றார். அடிக்கவில்லை. அதற்கு மறுநாள், அடித்தால்தான் நகர்வது என்று பிடிவாதமாக நின்றார். குளிரில் ஓடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஓடும்வரை குளிர் எட்டி நிற்கும், நின்றால் வியர்வையைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறிவிடும். பனியனெல்லாம் பனிக்கட்டியாகிப் பல் கிட்டிக்கொண்டது. பூனைகூட அவரைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. மைதானத்துப் பக்கம் வெளிச்சம் வந்தது. போனைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தார், உதறிப் பார்த்தார். அது பேசாமல் இருந்தது.

அன்றைக்கு அவரால் வேலை செய்ய முடியவில்லை. காய்ச்சல் ஒரு பக்கம். அதைவிட, மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற எண்ணம் மறுபக்கம். நாம் பாட்டுக்கு இங்கே நின்றுகொண்டிருக்கிறோம், அங்கே அவள் விழுந்து கிடக்கிறாளோ? ஒரு முன்பல்லைத் தலைகீழாக நட்டுவிட்டார். ரிசப்ஷன் அம்மாள்தான் பார்த்து, "வீட்டுக்குப் போங்க சார், முகமே சரியில்ல" என்றாள்.

வீட்டுக்குப் போய், படுக்கையில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதன்முறையாக அவராக மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா? என்னாச்சு?"

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? நல்லாதான் இருக்கேன். உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"மூணு நாளா பாலத்துல நின்னேன். நீ கூப்பிடல."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லி வரிசைக்கு அழைப்பது கேட்டது. மகள் நடந்துபோய் ஏதோ கதவைச் சாத்தினாள்.

"வேணும்னே நின்னீங்களா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"தெரியும்பா. பூனை வந்தப்பவே தெரியும். அந்தப் பூனை வந்த நாள் எனக்கு நைட் டூட்டி, ஒரு அம்மாவை மெஷின்ல படுக்க வெச்சிருந்தேன். அசையாதீங்கன்னு சொல்லிட்டு வெளிய ஓடி வந்துதான் உங்களைக் கூப்பிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் நடுக்கம். நீங்க பூனையோட கலரைச் சொல்லிட்டிருக்கீங்க."

"நீ வீட்டுல உக்காந்து பார்த்துட்டிருக்கேன்னு நெனச்சேன்."

"எதைப்பா?"

"புள்ளியை. நான் ஓடுறதை."

"ஐயோ அப்பா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் எங்க பார்க்கறேன்? நீங்க ஒரே இடத்துல கொஞ்ச நேரம் நின்னா என் போன் மணி அடிக்கற மாதிரி செட் பண்ணியிருந்தேன். அவ்வளவுதான். ஓடுறப்ப எதுக்குப் பார்க்கணும்? ஓடுறீங்கன்னா நல்லா இருக்கீங்கன்னுதானே அர்த்தம்."

குல்லாக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஓடியதும், மைதானத்தை முழுசாகச் சுற்றியதும், மூக்கைச் சிந்தாமல் அடக்கிக்கொண்டதும் யாருக்காக?

"தினம் மணி அடிச்சா, தினம் நீங்க விழுந்துட்டீங்கன்னு ஆகுது. என்னால முடியல. அதான் அடிக்காம பண்ணிட்டேன். சொல்லியிருக்கணும், சொல்லல." பிறகு மெதுவாக, "பேசணும்னா கூப்பிடலாமே அப்பா. எதுக்கு நிக்கணும்?"

"கூப்பிட்டா என்ன பேசறதுன்னு தெரியலம்மா."

"எனக்கும் தெரியலப்பா" என்றாள் மகள்.

இரண்டு பேரும் அதோடு போனை வைத்துவிட்டார்கள். வேறு என்ன செய்வது?

காய்ச்சல் விட்டதும் மறுபடி ஓடப் போனார். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் காலையில் ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது, கால் கேட்கவில்லை. நீலப் புள்ளியை ஆன் பண்ணவில்லை. யாரும் பார்க்காத ஓட்டம். குகை வழியைத் தாண்டி நன்றாக மூக்கைச் சிந்தினார். கூனிக்கொண்டு ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். ஆரம்பத்தில் எல்லாம் வெறிச்சென்றிருந்தது. மரத்தைப் பார்த்தால் மரம், அவ்வளவுதான். ஊரில் இத்தனை வீட்டில் இத்தனை பேர் தூங்குகிறார்கள், ஒருவருக்கும் நாம் எழுந்தது தெரியாது என்று நினைத்துக்கொண்டே ஓடினார்.

சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒருநாள் கரையில் ஏறியவர் திகைத்துப்போனார். கால்வாய் முழுக்க ஆவி. அடுப்பில் வைத்த பாத்திரம்போல் தண்ணீரிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, பாலம் வரைக்கும் புரண்டுகொண்டிருந்தது. அப்போதுதான் கிளம்பிய சூரியன் பட்டு அது மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஓடியும் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஓடிக்கொண்டே கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார்.

"அப்பா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஓடிட்டிருக்கேன். கால்வாய்ல ஆவி வருதும்மா."

"என்ன வருது?"

"ஆவி. தண்ணியிலேருந்து. மஞ்சளா வருது."

"அப்படியா" என்றாள். ஏதோ பாத்திரம் உருண்டது. "அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, டிபன் டப்பாவை மூடிட்டிருக்கேன். வெச்சிடாதீங்க, ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்க."

போன் சமையல் மேடையில் வைக்கப்படும் சத்தம் வந்தது. குழாய் திறந்து மூடியது. யார் போனில் என்று மாப்பிள்ளை கேட்டார். "அப்பா, ஓடிட்டிருக்காரு" என்றாள். "என்னவாம்?" "ஒண்ணுமில்லையாம்." சாவி எங்கே, குடை எங்கே, உங்க செருப்பு ஏன் வழியில கிடக்கு என்று ஏகப்பட்ட அமளி. குல்லாக்காரருக்கு மகள் வீட்டுச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஓடுவதே போதுமாக இருந்தது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம். பூட்டும் சத்தம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆளில்லாத அந்தச் சமையலறையில் பிரிட்ஜ் முனகுவது கேட்டது. அதே முனகல்தான் அவர் வீட்டிலும். இதைக் கேட்டுத்தான் தினம் அவர் சாப்பிடுகிறார். யாரும் இல்லை என்ற தைரியத்தில் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"ஆவி பாலத்துக்கு மேல வந்துடுச்சும்மா. கைப்பிடியே தெரியல" என்றார் பிரிட்ஜிடம். "நீ பார்க்கலன்னு சொன்ன அன்னைக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. உன்மேல கோபமில்ல. எனக்கு ஓடறது புடிச்சிருக்கு. இந்தக் குளிர் புடிச்சிருக்கு. வீட்டுக்குத் திரும்பிப் போறதுதான் புடிக்கல. பூட்டைத் திறக்கறப்ப, உள்ள யாரும் இல்லன்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேக்கறேன். தினமும் கேக்கறேன். அதுக்குத்தான் வழியிலயே நின்னேன், வேற எதுக்கும் இல்ல."

மூச்சு முட்டியது. ஓடிக்கொண்டே இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை, நின்றுகொண்டும் பேசியதில்லை. பாலம் முடிந்து மைதானத்தை ஒட்டி ஓடினார். அப்போதுதான் போனில் இன்னொரு மூச்சு கேட்டது. இரைக்க இரைக்க, பஸ் நிறுத்தத்திலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தவளின் மூச்சு. எப்போது கதவைத் திறந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"அப்பா."

"பஸ் போயிடுமேம்மா" என்றார்.

"போயிடுச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எங்க இருக்கீங்க?"

"மைதானத்துகிட்ட. இனிமே திரும்பணும்."

"இப்பத் திரும்ப வேணாம்பா. இன்னும் கொஞ்ச தூரம் ஓடுங்க. நான் அடுத்த பஸ்ஸுக்கு நடந்துட்டே பேசறேன்."

வீட்டுப் பக்கம் திரும்பும் பாதையைத் தாண்டிக் குல்லாக்காரர் நேராக ஓடினார். அந்தப் பக்கம் என்ன தெரு, எங்கே போய் முட்டும் என்று அவருக்குத் தெரியாது. எதிரே வருவதை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினார்.